பள்ளிவாசல் கட்டுவதிலும் வஸிய்யத்தை (மரண சாசனத்தை) நிறைவேற்றுவதிலும் நாம் செய்யும் தவறுகள்

கூடலூர், குன்னூர், கோத்தகிரி என்று நீலகிரியில் எந்தப் பக்கம் போனாலும் ஏதாவது ஒரு மஹல்லாவில் (முஸ்லிம் குடியிருப்பில்) பள்ளிவாசல் வேலை நடந்துகொண்டிருக்கும், இல்லையென்றால் பாதியில் நின்றிருக்கும். காசு இல்லாமல்தான் நிற்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். மௌத்தானவர் (இறந்தவர்) எழுதிக் கொடுத்த இடத்தில் பிள்ளைகள் தகராறு செய்வார்கள், அல்லது வேறொன்றுக்கு வந்த பணம் கட்டடக் கணக்கில் கலந்துபோய் ஜமாஅத்தே இரண்டாகி நிற்கும்.

பெரிய தவறிலிருந்தே ஆரம்பிப்போம். ஒருவர் இன்னதற்கு என்று சொல்லிக் கொடுத்ததை, நிர்வாகம் தனக்குத் தோன்றியதற்குச் செலவு செய்வது. ஊட்டியில் ஜனவரி மாதம் சுப்ஹு தொழுகைக்கு (அதிகாலைத் தொழுகைக்கு) ஒளு செய்தவர்களுக்கு, அதாவது கை, முகம், கால் கழுவியவர்களுக்குத் தெரியும், குழாயைத் திறந்தால் விரல் மரத்துப் போகும். ஒரு மூதாட்டி தன் இரண்டு வளையலை விற்று ஒளுவுக்கு வெந்நீர் பாய்லர் வைக்கச் சொல்லி வஸிய்யத் செய்துவிட்டுப் போகிறார் என்று வையுங்கள். கமிட்டி கூடுகிறது. பாய்லர்தான் ஏற்கெனவே இருக்கிறதே, மினாரா வேலை நிற்கிறதே, எல்லாம் பள்ளிக்குத்தானே என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தலையாட்ட, வளையல் காசு மினாராவின் பச்சை டைல்ஸ் ஆகிவிடுகிறது. யாரும் ஒரு ரூபாய் கூடத் தன் பைக்குள் போட்டுக்கொள்ளவில்லை, ஆனாலும் இது தவறுதான். வஸிய்யத்தைக் கேட்ட பிறகு அதை மாற்றினால் அந்தப் பாவம் மாற்றியவர்கள் மேல்தான் என்று குர்ஆன் (2:181) நேராகவே சொல்கிறது. வக்ஃப் செய்தவரின் (சொத்தை இறைவழிக்கென நிரந்தரமாக ஒதுக்கியவரின்) நிபந்தனை ஷரீஅத்தின் வாசகத்தைப் போன்றது என்பது ஃபிக்ஹில், அதாவது இஸ்லாமியச் சட்டத் துறையில், பிரபலமான விதி. பாய்லர் இருக்கிறதா, சரி, அதை ரிப்பேர் செய்யுங்கள், விறகுக்கோ கரண்ட் பில்லுக்கோ வையுங்கள், பெண்கள் ஒளு செய்யும் பக்கம் இன்னொன்று வாங்குங்கள். கொடுத்தவரின் நோக்கத்துக்கு மிக அருகில் இருப்பது எதுவோ அதுதான் வழி. மினாரா அதற்கு ரொம்ப தூரம்.

இதற்கு நேர் எதிரான தவறு, வஸிய்யத் என்று காதில் விழுந்ததும் கணக்கே பார்க்காமல் முழுவதையும் பள்ளிக்கு எடுத்துக்கொள்வது. நபித்தோழர் ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) மக்காவில் நோயுற்றிருந்தபோது, தனக்கு வாரிசு ஒரே மகள்தான், சொத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தர்மம் செய்யட்டுமா என்று நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார். வேண்டாம் என்றார்கள். பாதி? அதுவும் வேண்டாம். மூன்றில் ஒன்று, அதுவே அதிகம் என்றார்கள். வாரிசுகளை மக்களிடம் கையேந்த விடுவதைவிடத் தன்னிறைவோடு விட்டுப்போவது மேல் என்றும் சொன்னார்கள். அப்பா ஆசைப்பட்டார் என்று வீட்டையே ஜமாஅத்துக்கு எழுதச் சொல்லிப் பிள்ளைகளை நெருக்கும் பெரியவர்கள் இந்த ஹதீஸை ஒரு தடவை நிதானமாகப் படித்தால் நல்லது.

அந்த மூன்றில் ஒன்றையும் மொத்தச் சொத்திலிருந்து எடுக்கக் கூடாது. முதலில் கஃபன் (மையித்துக்குப் போர்த்தும் துணி), அடக்கச் செலவு. அப்புறம் கடன். மிஞ்சியதில்தான் வஸிய்யத், கடைசியில் வாரிசுகளின் பங்கு. ஒருவர் 15 லட்சம் விட்டுப்போகிறார், அடக்கச் செலவும் கடனும் சேர்ந்து 3 லட்சம் என்றால் மீதி 12 லட்சம், பள்ளிக்கு அதிகபட்சம் 4 லட்சம். நாம் அடிக்கடி மறக்கும் கடன் ஒன்று உண்டு: மனைவிக்குக் கொடுக்காமல் விட்ட மஹர் (மணக்கொடை). நிக்காஹ் புத்தகத்தில் எழுதியதோடு சரி, பலர் கொடுத்திருக்க மாட்டார்கள். அதைத் தீர்க்காமல் பள்ளிக்குக் கார்ப்பெட் வாங்குவது அந்த விதவையின் காசில் கார்ப்பெட் வாங்குவதுதான்.

மூன்றில் ஒன்றைத் தாண்டினால் வாரிசுகள் சம்மதிக்க வேண்டும். அந்தச் சம்மதம் மௌத்துக்குப் பிறகு கேட்டதாக இருக்க வேண்டும், ஹனஃபி, ஷாஃபி என்ற இரண்டு மத்ஹப்களிலும் (சட்டப் பிரிவுகளிலும்) இப்படித்தான். வஸிய்யத் செய்தவர் உயிரோடு இருக்கும்போதே பிள்ளைகளிடம் வாங்கி வைத்த கையெழுத்தை நீட்டி உரிமை கேட்க முடியாது. வயதுக்கு வராத பிள்ளை இருந்தால் அதன் பங்கை அம்மாவோ மாமாவோ விட்டுக்கொடுக்கவும் முடியாது. மரணப் படுக்கையில் கொடுத்த அன்பளிப்பும் வக்ஃபும் கூட இதே மூன்றில் ஒன்று கணக்கில்தான் வரும், நேற்றே எழுதிவிட்டார் என்ற வாதம் எடுபடாது.

அநாதைப் பிள்ளைகளின் பங்கு என்றதும் மதீனாதான் நினைவுக்கு வர வேண்டும். மஸ்ஜிதுந் நபவி (நபியின் பள்ளிவாசல்) கட்டிய இடம் ஸஹ்ல், ஸுஹைல் என்ற இரண்டு அநாதைச் சிறுவர்களுடையது. இலவசமாகவே தருகிறோம் என்றார்கள்; நபி (ஸல்) ஏற்காமல் விலை கொடுத்தே வாங்கினார்கள்.

நிலத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் மலையில் நில விவகாரமே தனி. தனக்குச் சொந்தமில்லாததை வக்ஃப் செய்ய முடியாது. கூடலூர், பந்தலூரில் 1969-ம் ஆண்டின் ஜென்ம எஸ்டேட் (பழைய பரம்பரை நிலவுடைமை) ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகும் ‘செக்‌ஷன் 17’ நிலம் (அந்தச் சட்டத்தின் 17-ம் பிரிவில் உரிமை முடிவாகாமல் நிற்கும் நிலம்) என்று சொல்லிப் பட்டா இல்லாமல் குடும்பங்கள் தலைமுறையாக உட்கார்ந்திருக்கின்றன. அப்படிப்பட்ட பத்து சென்ட்டைப் பள்ளிக்குக் கொடுத்தேன் என்று ஒருவர் நல்ல மனதோடு சொல்லிவிட்டுப் போவார், ஜமாஅத்தும் அடுத்த வாரமே கல் இறக்கும். வேண்டாம், முதலில் ஆவணத்தைப் பாருங்கள். எஸ்டேட் லைன் வீடுகளுக்குப் பக்கத்தில் கம்பெனி தொழுகைக்கு விட்ட அறையும் இப்படித்தான்: தாராளமாகத் தொழலாம், ஜமாஅத் நடத்தலாம், ஆனால் இடம் கம்பெனியுடையதாகவே இருக்கும்வரை அது வக்ஃபான மஸ்ஜித் ஆகாது.

சரிவில் கட்டும்போது இன்னொரு சிக்கல். ரோட்டு மட்டத்தில் கடைகள், மேலே தொழுமிடம், இது மலையூர்களில் சாதாரணம். ஹனஃபி சட்டத்தில், பள்ளிக்கு வருமானம் வர வேண்டும் என்று ஆரம்பத்திலேயே திட்டமிட்டுக் கீழே கடை வைத்தால் ஆகும். ஆனால் ஓரிடம் மஸ்ஜிதாகிவிட்டால் அடியிலிருந்து வானம் வரை மஸ்ஜித்தான். தொழுதுகொண்டிருந்த கீழ்த்தளத்தைப் பின்னால் வாடகைக்கு விட முடியாது. பிளான் போடும் நாளிலேயே ஆலிமை (மார்க்க அறிஞரை) உட்கார வைத்துப் பேசிவிட வேண்டிய விஷயம் இது.

கிப்லா (தொழும்போது முகம் நோக்கும் கஅபாவின் திசை) விஷயத்திலும் மேற்கு என்றால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். நீலகிரியிலிருந்து கிப்லா மேற்கிலிருந்து சுமார் 20 டிகிரி வடக்கே திரும்பியிருக்கிறது. மே 27, 28 தேதிகளில் நம் நேரப்படி பிற்பகல் 2:48-க்குச் சூரியன் கஅபாவுக்கு நேர் மேலே நிற்கும், அப்போது சூரியன் இருக்கும் பக்கம்தான் கிப்லா. ஜூலை 15, 16-லும் இன்னொரு வாய்ப்பு வரும், ஆனால் அந்த மழையில் தேவாலாவில் சூரியனை எங்கே தேடுவது.

பணத்துக்கு வருவோம். ஜகாத்தைக் (கட்டாய தர்மத்தை) கட்டடத்தில் போடக் கூடாது என்பதே நான்கு மத்ஹப்களின் பெரும்பான்மைக் கருத்து. அது குர்ஆன் (9:60) சொல்லும் எட்டு வகையினருக்கு உரியது. ரமளானில் ஒரே ரசீது புக்கில் ஜகாத்தையும் நன்கொடையையும் சேர்த்து எழுதினால் எது எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது, இரண்டு புக் வையுங்கள். ஹராமான காசு பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். இஸ்லாத்துக்கு முன்பு குறைஷிகளே கஅபாவைப் புதுப்பித்தபோது தூய்மையான பணம் போதாமல் ஒரு பகுதியை வெளியே விட்டார்கள், இன்றைக்கும் கஅபாவை ஒட்டி அரைவட்டச் சுவருக்குள் நாம் பார்க்கும் ஹதீம் அதுதான்.

அலங்காரம்? மஸ்ஜிதுந் நபவியைப் புதுப்பிக்கச் சொன்ன கலீஃபா உமர் (ரலி), மக்களை மழையிலிருந்து காக்கும்படி கட்டுங்கள், சிவப்பும் மஞ்சளும் பூசி அவர்கள் கவனத்தைக் கெடுக்க வேண்டாம் என்றார்கள். இந்த மலைக்கென்றே சொன்னது போல இருக்கிறது. ஒழுகாத கூரையும் பின்னால் மண் சரியாத தடுப்புச் சுவரும்தான் இங்கே முதல் செலவு. கட்டட உயரத்துக்கு இந்த மாவட்டத்தில் 7 மீட்டர் என்ற கட்டுப்பாடு பல காலமாக இருக்கிறது, அனுமதி வாங்காமல் மினாராவை ஏற்றிவிட்டு நோட்டீஸ் வந்த பிறகு வக்கீலுக்குச் செலவழிப்பதும் நன்கொடைப் பணம்தான்.

கடைசியாக, எழுத்து. 2025 ஏப்ரலில் அமலுக்கு வந்த வக்ஃப் திருத்தச் சட்டத்துக்குப் பிறகு வாய்ச்சொல்லால் புதிதாக வக்ஃப் செய்ய முடியாது, பத்திரம் வேண்டும். வஸிய்யத்துக்கும் இரண்டு சாட்சிகளோடு எழுதி வைப்பதே பாதுகாப்பு. எதற்கு, எவ்வளவு, யார் பொறுப்பு என்று எழுதுங்கள். அதோடு, அந்த வேலை முடிந்துவிட்டாலோ தேவையில்லாமல் போனாலோ மீதியை இன்னதற்குச் செலவிடலாம் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அந்த ஒரு வரி இருந்தால், பாய்லர் காசை என்ன செய்வது என்று கமிட்டி கூடிப் பேச வேண்டியதே இல்லை.