வெள்ளையா, சி.எஃப்.டபிள்யூ.வா? நான் கண்டுபிடிச்ச விதம்

என்கிட்ட இருக்கிற ஜீப்ரா ஃபின்ச் (கூண்டுல வளக்கிற சின்னக் குருவி) ஜோடி ரெண்டுமே சாதா கிரே, ஆனா குஞ்சுல சிலது மட்டும் வெள்ளையா வந்துச்சு. பாத்தவங்க எல்லாம் "ஒயிட்"னாங்க, எனக்கு மட்டும் இது சி.எஃப்.டபிள்யூங்கிற இன்னொரு வெளிர் ரகமோன்னு சந்தேகம் தீரல.

அலகு கருப்பு போய் ஆரஞ்சு ஆகுற வரைக்கும் காத்திருந்து, அப்புறம் ஒண்ணொண்ணா கையில புடிச்சு காலை வெயில்ல பாத்தேன், டியூப்லைட்டுல பாக்காதீங்க, எல்லாமே வெள்ளையாத்தான் தெரியும். கண்ணுக்குக் கீழ கண்ணீர் கோடு மாதிரி ஒரு லேசான சாம்பல் கோடு, வால் பக்கம் மங்கலா பட்டை. சுத்த ஒயிட்ல இந்த ரெண்டுமே இருக்காது. அப்போ இது சி.எஃப்.டபிள்யூ, அதாவது செஸ்ட்நட் ஃபிளாங்க்ட் ஒயிட். ஆணா இருந்தா கன்னத்துல ஆரஞ்சு, விலாவுல செம்பழுப்பு எல்லாம் பளிச்னு தெரிஞ்சிடும், பெண்ணுலதான் இந்தக் குழப்பமே.

இன்னொரு துப்பு, வெள்ளையா வந்த அத்தனையும் பெண். ஒயிட் மியூட்டேஷன் (ஜீன் மாறி வர்ற நிறம்)னா அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்டயும் அந்த ஜீன் இருக்கணும், ஆண் பெண் ரெண்டுலயும் வரும். சி.எஃப்.டபிள்யூ செக்ஸ் லிங்க்ட், அதாவது ஆணா பெண்ணான்னு தீர்மானிக்கிற குரோமோசோம்ல இருக்கிற ஜீன். அப்பா ஸ்ப்ளிட்டா, அதாவது வெளிய தெரியாம அந்த ஜீனை உள்ள வச்சிருந்தாலே போதும், பொண்ணுங்கள்ல சுமார் பாதி அப்படி வரும், பசங்க எல்லாம் வெளிய கிரேதான். ஃபான்கிற இளம்பழுப்பு நிறமும் இதே கணக்குதான்.

இப்போ அந்த அப்பா ஆணுக்கு கால்ல வளையம் மாட்டி "ஸ்ப்ளிட்"னு நோட்ல எழுதிட்டேன். அடுத்து ஒரு சி.எஃப்.டபிள்யூ ஆண் தேடிட்டு இருக்கேன், கன்னம் நல்லா அடர்த்தியா இருக்கிறதா.