பேரேரிகளில் பிடிபட்டது எந்த லாம்ப்ரே?

வட அமெரிக்கப் பேரேரிகளிலும் அவற்றில் வந்து கலக்கும் ஓடைகளிலும், விலாங்கு போல நீண்ட உடல் கொண்ட லாம்ப்ரே மீன்களில் ஐந்து வகை உண்டு. வெளியிலிருந்து புகுந்து மீன்வளத்தைச் சூறையாடியது கடல் லாம்ப்ரே மட்டுமே. வெள்ளி, செஸ்ட்நட், வடக்கு ஓடை, அமெரிக்க ஓடை ஆகிய நான்கும் இந்த நீர்நிலைகளுக்கே உரியவை. அடையாளம் பார்க்காமல் கொல்வது இவற்றுக்குச் செய்யும் அநியாயம்.

தாடையும், உடலின் இருபுறமும் இணையாக அமையும் துடுப்புகளும் இல்லாமல், பக்கத்துக்கு ஏழு செவுள் துளைகள் இருந்தால் அது லாம்ப்ரே. விலாங்குக்குத் தாடையும் மார்புத்துடுப்பும் உண்டு.

முதலில் முதுகைப் பாருங்கள். ஒரே நீளத் துடுப்பு என்றால் வெள்ளி, செஸ்ட்நட், வடக்கு ஓடை மூன்றில் ஒன்று. அதன் நடுவில் சிறு பள்ளம் இருக்கலாம். அதை இரண்டு துடுப்பு என்று எண்ணிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. இரண்டு தனித் துடுப்புகள் என்றால் கடல் அல்லது அமெரிக்க ஓடை வகை. முட்டையிடும் பருவத்தில் அமெரிக்க ஓடை லாம்ப்ரேயின் துடுப்புகள் பெருத்து அடியில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் துடுப்பை மட்டும் நம்பக்கூடாது.

அடுத்தது வாய். ஓடைத் தண்ணீர் நிரப்பிய கண்ணாடிப் பாத்திரத்தில் உயிருடன் விட்டால், பெரும்பாலும் அதுவே கண்ணாடியில் வாயைப் பதித்து ஒட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து பற்களை நிதானமாகப் பார்க்கலாம், படமும் எடுக்கலாம். வாயைச் சுற்றியுள்ள வட்டமான உறிஞ்சு பகுதியான வாய்த்தட்டு தலையின் அகலமோ அதைவிடப் பெரிதோ இருந்து, பற்கள் கூராக இருந்தால் அது மீனின் இரத்தம் உறிஞ்சும் வகை. தட்டு சிறுத்து, பற்கள் மழுங்கியிருந்தால் ஓடை வகை. வளர்ந்தபின் அது எதையும் உண்பதில்லை. வெள்ளியையும் செஸ்ட்நட்டையும் பிரிக்க, வாய்த்துளையை ஒட்டிய பக்கப் பற்களைப் பாருங்கள்: வெள்ளிக்குப் பெரும்பாலும் ஒற்றை முனை, செஸ்ட்நட்டுக்குச் சிலவற்றிலாவது இரட்டை முனை.

நீளத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். முழு வளர்ச்சி பெற்ற கடல் லாம்ப்ரே 30 முதல் 50 செ.மீ. இருக்கும், உடல் திட்டுத்திட்டாகத் தெரியும். ஆனால் இளவுயிரி நிலையிலிருந்து அண்மையில் உருமாறியது 15 செ.மீ. அளவில், திட்டுகள் இல்லாமல் வெள்ளி நிறத்தில் மின்னும். பல்லும் துடுப்பும்தான் அப்போது கைகொடுக்கும்.

கண் வெளியே தெரியாத, பல்லில்லாத இளவுயிரி சேற்றில் கிடைத்தால், துடுப்போடு, உடலின் பக்கத்தில் வரிசையாகத் தெரியும் தசைப் பட்டைகளான தசைக்கட்டுகளையும் எண்ண வேண்டும்: கடைசிச் செவுள் துளையிலிருந்து கழிவுத்துளை வரை 60க்குக் குறைவென்றால் ஒற்றைத் துடுப்புக் கூட்டம். அதிகமென்றால், கடல் வகையா அமெரிக்க ஓடை வகையா என்பதை மீனியல் வல்லுநரிடமே விடுங்கள். கெடாமல் வைக்கும் பாதுகாப்புத் திரவத்தில் போட்டால் நிறம் மங்கிவிடும் என்பதால் முதலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடல் லாம்ப்ரே என்று உறுதியானால் திரும்ப நீரில் விடாதீர்கள். மற்ற நான்கையும் பிடித்த இடத்திலேயே, ஈரக் கையால் எடுத்து விட்டுவிடுங்கள்.