இளையோர் நாவல் வெளியான பிறகு: எழுத்தாளர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இளையோருக்கு எழுதுகிறவருக்கும் மற்ற நாவலாசிரியருக்கும் உள்ள வித்தியாசம் புத்தகம் அச்சாகி வந்த பிறகுதான் சரியாகத் தெரியும். பதினான்கு, பதினைந்து வயது வாசகரிடம் புத்தகம் வாங்கக் காசு இருக்காது. அம்மா வாங்கித் தர வேண்டும், இல்லையென்றால் பள்ளி நூலகத்தில் கிடைக்க வேண்டும், அதுவும் இல்லையென்றால் ஒரு தமிழாசிரியர் எடுத்துக் கையில் கொடுக்க வேண்டும். நாம் பதிவு போடும் ஃபேஸ்புக் பக்கம் அவர்கள் எட்டிப் பார்ப்பதில்லை. புத்தகம் வந்ததும் நாம் ஓடுகிற ஓட்டத்தில் பெரும்பகுதி சக எழுத்தாளர்களையும் நண்பர்களையும் சுற்றியே முடிந்துவிடுகிறது. நான் பார்த்த தவறுகள் ஏறக்குறைய எல்லாமே இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

முதலில் காலம். தமிழில் எந்தப் புத்தகமும் ஜனவரியை ஒட்டி நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சிக்கு வந்துவிட வேண்டும் என்பது எழுதாத விதி. டிசம்பரில் அச்சகங்களில் நெரிசல், மெய்ப்பு (அச்சுப் பிழை) பார்ப்பதில் அவசரம், அட்டையில் அவசரம். இவ்வளவுக்குப் பிறகும் காட்சி பாதி முடிந்தபின் புத்தகம் அரங்குக்கு வந்து சேர்வது உண்டு. நம் வாசகருக்கோ ஜனவரியில் திருப்புதல் தேர்வு, அப்புறம் செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பொதுத்தேர்வு. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்த நேரத்தில் கதைப் புத்தகம் வாங்கித் தரும் வீடு அபூர்வம். அதே நாவல் ஏப்ரலில் வந்தால் கோடை விடுமுறை முழுதாகக் கிடைக்கும். ஜூனில் பள்ளி திறக்கும். ஜூலையில் கோவை, ஆகஸ்டில் ஈரோடு, செப்டம்பர் வாக்கில் மதுரை என்று புத்தகத் திருவிழாக்கள் வரிசையாக வரும். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டமாக அழைத்து வருவதும் அங்கெல்லாம் வழக்கம். ஜனவரியை விட்டுவிட்டால் ஆண்டே போய்விட்டது என்று பதிப்பாளர் சொன்னாலும், இந்தக் கணக்கை அவர் முன் வைத்துப் பேசிப் பாருங்கள்.

புத்தகக் காட்சிக்குப் போனால் புத்தகம் எந்த அடுக்கில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பல அரங்குகளில் இளையோர் நாவலைச் சிறுவர் அடுக்கில், படக்கதைக்கும் வண்ணம் தீட்டும் புத்தகத்துக்கும் நடுவில் செருகியிருப்பார்கள். ஒன்பதாம் வகுப்புப் பெண் அந்தப் பக்கம் திரும்பவே மாட்டாள். அது அவள் தம்பிக்கு வாங்குகிற இடம். முன் மேசையில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். விற்பனையில் நிற்கும் தம்பிக்குக் கதையை இரண்டு வரியில் சொல்லி வையுங்கள். ஓர் அம்மா புத்தகத்தைப் புரட்டிவிட்டு "இது எத்தனை வயசுக்குப்பா?" என்று கேட்கும்போது பதில் சொல்லப் போகிறவர் அவர்தான். அந்த இடத்தில் "சின்னப் பசங்க கதைம்மா" என்று அவர் சொல்லிவிட்டால் அந்த விற்பனை அதோடு சரி.

வெளியீட்டு விழாக்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை நான்கைந்து, சிறப்புரை, ஏற்புரை, நன்றியுரை. ஒவ்வொருவருக்கும் பொன்னாடை, ஒவ்வொரு பொன்னாடைக்கும் புகைப்படம். மூன்றாவதாகப் பேசுகிறவர் கதையின் முடிவைச் சொல்லிவிடுவார். மேடையிலும் சரி, கீழேயும் சரி, பதினெட்டு வயதுக்குக் கீழே ஒருவரும் இருக்க மாட்டார்கள். வேலைநாள் மாலை ஆறு மணிக்கு வைத்தால் பிள்ளைகள் டியூஷனில் இருப்பார்கள், எப்படி வருவார்கள்? ஞாயிறு காலையில் வையுங்கள். அச்சுக்குப் போகுமுன்பே இரண்டு மூன்று பிள்ளைகளுக்குக் கணினிப் படி கொடுத்துப் படிக்கச் சொல்லி, விழாவில் அவர்களையே பேச விடுங்கள். பெரியவர்களில் ஒருவர் போதும். பிள்ளைகள் பேசும்போது "கதாநாயகி அவங்க அப்பாகிட்ட ஏன் கடைசி வரைக்கும் ஒண்ணும் சொல்லல?" என்று ஒரு கேள்வி வரும். எந்தச் சிறப்புரையும் தராத விஷயம் அது.

பள்ளிகளுக்குப் போவதுதான் இந்த வேலையின் உயிர். அதிகக் கவனம் தேவைப்படுவதும் அங்கேதான். தெரிந்த ஆசிரியர் ஒருவர் கூப்பிட்டார் என்று நேராக வகுப்பறைக்குள் போய்விடக் கூடாது. தலைமையாசிரியரின் அனுமதி எழுத்தில் இருக்கட்டும். அரசுப் பள்ளி என்றால் மேலதிகாரியின் அனுமதியும் தேவையா என்று அவரிடமே கேட்டுவிடுங்கள். பெட்டி நிறையப் புத்தகத்தோடு போய் வகுப்பிலேயே விற்பது வேண்டாம். காசு கொண்டுவராத பிள்ளைகள் பக்கத்துப் பிள்ளை கையெழுத்து வாங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதைவிட நான்கு பிரதிகளைப் பள்ளி நூலகத்துக்குக் கொடுத்துவிட்டு வருவது எவ்வளவோ மேல். ஒரு பாடவேளை என்பது முக்கால் மணி நேரம்கூட இருக்காது. அதில் அரைமணி நேரம் வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி என்று பேசுகிற எழுத்தாளர்கள் இருக்கிறார்கள். அந்த உரையைப் பிள்ளைகள் தினமும் காலை வழிபாட்டுக் கூட்டத்திலேயே கேட்கிறார்கள். நாவலிலிருந்து இரண்டு பக்கம் வாசித்து, கதை இறுகும் இடத்தில் நிறுத்துங்கள். மீதி நேரத்தைக் கேள்விக்கு விடுங்கள்.

அப்புறம் புகைப்படம். சீருடையும் பள்ளிப் பெயரும் தெரிய, பிள்ளைகளின் முகத்தோடு படம் எடுத்து அன்று இரவே இன்ஸ்டாகிராமில் போடுவது சாதாரணமாகிவிட்டது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டமானாலும் 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமானாலும் 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்றே கொள்கின்றன. பெற்றோர் சம்மதம் இல்லாமல் முகம் தெரியும் படம் வேண்டாம். கரும்பலகையையோ, புத்தகத்தைப் பிடித்திருக்கும் கைகளையோ எடுத்துப் போட்டால் போதும்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. மேடையில் உற்சாகத்தில் சொந்த வாட்ஸ்அப் எண்ணைச் சொல்லிவிடாதீர்கள். வீட்டுச் சண்டையையோ முதல் காதலையோ பள்ளியில் நடக்கும் சீண்டலையோ நாவலில் எழுதியிருந்தால், படித்த பிள்ளை "எனக்கும் இப்படித்தான் நடக்குது" என்று இரவு பதினொரு மணிக்குச் செய்தி அனுப்பும். அந்த நம்பிக்கை பெரிய விஷயம். ஆனால் நாம் மனநல ஆலோசகர் இல்லை, ஒரு பிள்ளையோடு யாருக்கும் தெரியாமல் தனியாகப் பேசிக்கொண்டிருப்பதும் சரியில்லை. புத்தகத்தில் மின்னஞ்சல் முகவரி கொடுங்கள், பதிப்பகத்தின் முகவரியாக இருந்தால் இன்னும் நல்லது. சிறார் உதவி எண் 1098, மனநல உதவிக்கான டெலி மானஸ் 14416, பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417 ஆகிய மூன்றையும் கடைசிப் பக்கத்தில் அச்சிடுங்கள். செய்தி வந்தால் கனிவாக ஒரு பதில் எழுதி, இந்த எண்களையும் சொல்லி, நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் பேசச் சொல்லுங்கள். யாராவது துன்புறுத்துவதாகப் பிள்ளை எழுதியிருந்தால் "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். நீங்களே 1098க்கு அழைக்க வேண்டும்.

பணம் பேசக் கூச்சப்படுவதும் தவறுதான். விலை 200 ரூபாய், அதில் எழுத்தாளருக்கு வரும் பங்கான ராயல்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஒரு பிரதிக்கு உங்களுக்கு 20 ரூபாய். வெளியூர் நிகழ்ச்சியில் முப்பது பிரதி விற்றால் 600 ரூபாய். சென்னையிலிருந்து கோவைக்குப் போய்வரும் பேருந்துச் செலவுக்கே அது பற்றாது. பயணச் செலவை யார் தருகிறார்கள், தங்குமிடம் உண்டா என்று ஒப்புக்கொள்ளும் முன்பே கேட்டுவிடுங்கள். கேட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

இலவசப் பிரதிகளிலும் இதே கணக்கு வேண்டும். விமர்சனம் எழுதுவார்கள் என்று நம்பி மூத்த எழுத்தாளர்களுக்கு அனுப்பும் புத்தகங்கள் பல பிரிக்காமலே கிடக்கின்றன. அஞ்சல் துறையின் மலிவான பதிவுப் புத்தக அஞ்சல் சேவை 2024 டிசம்பரில் நின்றுபோனபின், ஒவ்வொரு பிரதிக்கும் தபால் செலவு கூடியிருக்கிறது. நூலகப் பாடவேளையை உண்மையாக நடத்தும் ஆசிரியர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். முதல் பிரதிகள் அவர்களுக்குப் போகட்டும். பொது நூலகத் துறை நூல் கொள்முதலுக்கு அறிவிப்பு விடும்போது பதிப்பாளர் விண்ணப்பித்தாரா என்று மறக்காமல் கேளுங்கள். அடுத்த அறிவிப்பு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

வாசகர் கருத்துக்கு எதிர்வாதம் செய்ய வேண்டாம். "நாற்பதாம் பக்கம் வரை போரடிக்குது" என்று ஒரு பதினாறு வயதுக்காரர் எழுதினால், அந்த நாற்பது பக்கத்தையும் எடுத்துத் திரும்பப் படித்துப் பாருங்கள். நம்மில் பெரும்பாலோர் வேலைக்கும் போய்க்கொண்டு எழுதுகிறவர்கள். அலுவலக விடுப்பெல்லாம் விழாக்களுக்கே போய்விட்டால் அடுத்த நாவல் நின்றுவிடும். காலையில் எழுதி முடிக்கும்வரை போனைத் தொடாதீர்கள். மாதத்துக்கு இரண்டு பள்ளி என்று வைத்துக்கொண்டு, மூன்றாவதாகக் கூப்பிடுகிறவரிடம் அடுத்த மாதத் தேதி கேளுங்கள்.