கால்சியம் மாத்திரையை எப்போது போடுவது?

வைட்டமின் சி-யும் கால்சியமும் சேர்ந்த மாத்திரையைத் தண்ணீரில் போட்டால் புஸ்ஸென்று நுரைத்துக் கரையும். ஜூஸ் மாதிரி இருப்பதால் பலர் தினமும் குடிக்கிறார்கள். முதலில் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். சிலவற்றில் ஒரே மாத்திரையில் 1000 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது. ஒரு நாளைக்குத் தேவையோ சுமார் 80தான். ஒரு கொய்யாப்பழமே தந்துவிடும். மிச்சம் சிறுநீரில் போகும், கொஞ்சம் ஆக்சலேட்டாகவும் (சிறுநீரகக் கல்லை உண்டாக்கும் உப்பு) மாறும். அதனால் சிறுநீரகக் கல் வந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். நுரைக்கும் மாத்திரையில் சோடியமும் அதிகம் இருக்கலாம், பிரஷர் உள்ளவர்கள் கவனியுங்கள்.

பால், தயிர், கேழ்வரகு அதிகம் சேர்க்காதவர்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் கால்சியம் உதவும். ஆனால் ஒரு வேளைக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போட்டால் உடல் சரியாக உறிஞ்சாது. டப்பாவில் கால்சியம் கார்பனேட் என்று போட்டிருந்தால் சாப்பாட்டோடு போடுங்கள்.

அப்புறம் முக்கியமான ஒன்று. அம்மா காலையில் தைராய்டு மாத்திரையையும் கால்சியத்தையும் ஒரே மடக்கில் விழுங்கிக்கொண்டிருந்தார். கால்சியம் தைராய்டு மருந்தை உடலில் சேரவிடாமல் தடுத்ததால் டி.எஸ்.எச். (தைராய்டு ரத்தப் பரிசோதனையில் பார்க்கும் அளவு, தைராய்டு சுரப்பு குறைந்தால் இது ஏறும்) ஏறிக்கொண்டே போனது. இரண்டுக்கும் நடுவில் 4 மணி நேரம் விடச் சொன்னார் டாக்டர். இப்போது கால்சியம் மதியச் சாப்பாட்டுக்கு மாறிவிட்டது. இரும்புச்சத்து மாத்திரையையும் இதோடு சேர்த்துப் போடாதீர்கள், இடைவெளி விடுங்கள்.