பழைய கேமரா சேகரிப்பு: கடையிலும் வீட்டிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நூறு வருடம் தாக்குப்பிடித்த ஒரு கேமரா, புதிதாக வாங்கியவரின் வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே பாழாவது சாதாரணமாக நடக்கிறது. கெடுத்தது காலம் இல்லை, ஆர்வம்தான். வாங்கும்போது ஒரு அவசரம், வாங்கியபின் சுத்தம் செய்ய இன்னொரு அவசரம். இந்த இரண்டையும் அடக்கிவிட்டால் பெரும்பாலான தவறுகள் தானாகவே விலகிவிடும்.

வயதை விலையோடு சேர்த்துப் பார்ப்பது முதல் தவறு. கோடாக் நிறுவனம் 1900-ல் பிரௌனியை ஒரு டாலருக்கு விற்றது. குழந்தைகளும் படம் எடுக்கட்டும் என்று செய்த அட்டைப்பெட்டி கேமரா அது. முதல் வருடமே லட்சத்துக்கும் மேல் விற்றது. அதன்பின் பல பத்தாண்டுகளுக்கு விதவிதமான பிரௌனிகள் வந்துகொண்டே இருந்தன. எனவே பெட்டி கேமராக்கள் பழசுதான், ஆனால் அபூர்வம் இல்லை. பிடித்திருந்தால் தாராளமாக வாங்கலாம், அபூர்வப் பொருளின் விலையைக் கொடுத்து வாங்க வேண்டாம். இணையத்தில் ஒருவர் கேட்கும் விலையும், அந்தப் பொருள் உண்மையில் விற்றுப்போன விலையும் வேறு வேறு. பார்க்க வேண்டியது இரண்டாவதைத்தான்.

பெயரைப் பார்த்து ஏமாறுவது அதைவிடப் பெரிய தவறு. இதில் ஜெர்மன் கேமராவான லைக்காதான் முன்னணி. 1932-ல் வந்த லைக்கா II மாடலைப் பார்த்து, சோவியத் நாட்டில் 1934 முதல் கார்கிவ் நகரில் ஃபெட் கேமராவைத் தயாரித்தார்கள். போருக்குப் பின் அதே வகையில் சோர்க்கி என்ற சோவியத் கேமரா வந்தது. பிற்காலத்தில் சிலர் இந்தக் கேமராக்களின் மேல்தகட்டைச் சுரண்டி, லைக்கா என்று பொறித்து, தங்கமுலாம் பூசி, கழுகுச் சின்னமோ ஜெர்மன் விமானப்படையின் பெயரோ 1936 ஒலிம்பிக் முத்திரையோ போட்டு விற்க ஆரம்பித்தார்கள். தங்க நிறத்தில், பாம்புத்தோல் ஒட்டி, ராணுவச் சின்னத்தோடு ஒரு லைக்கா கண்ணில் பட்டால் முதலில் சந்தேகப்படுங்கள். லென்ஸைக் கழற்றி உள்ளே மேல்பக்கம் பாருங்கள். ரேஞ்ச்ஃபைண்டரை, அதாவது தூரம் அளந்து ஃபோகஸ் செய்ய உதவும் அமைப்பை, இயக்கும் சிறு கை ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அசல் லைக்காவில் அதன் நுனியில் உருளும் சிறு சக்கரம் இருக்கும். ஃபெட், சோர்க்கியில் பெரும்பாலும் ஆப்பு மாதிரி முக்கோண நுனிதான். அசல் லைக்காவின் சீரியல் எண்களுக்கு வருடவாரியான பட்டியல்கள் இருக்கின்றன. எண் ஒரு வருடத்தையும் மாடல் வேறொரு வருடத்தையும் சொன்னால் வாங்காமல் நகர்ந்துவிடலாம். இன்னொன்று, ஃபெட்டும் சோர்க்கியும் மட்டமான கேமராக்கள் இல்லை. ஃபெட்டை ஃபெட்டாகவே வாங்கினால் அது நல்ல சேகரிப்பு.

கடையில் கேமரா கைக்கு வந்ததும் பலர் செய்யும் முதல் காரியம், பின்மூடியைத் திறப்பது. தயவுசெய்து திறக்காதீர்கள். உள்ளே யாரோ எடுத்து, கழுவாமல் விட்ட ஃபிலிம் இருக்கலாம். 35 மி.மீ. கேமராவில் ரீவைண்ட் குமிழை அம்புக்குறி காட்டும் பக்கம் மெல்லச் சுற்றிப் பாருங்கள். தளர்வாகச் சுற்றிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் காலி, இறுகிப் பிடித்தால் உள்ளே ஃபிலிம் இருக்கிறது. ரோல் ஃபிலிம் கேமராவில் பின்பக்கச் சிவப்புச் சன்னலில் எண் தெரிகிறதா என்று பார்த்தால் போதும். கருப்பு வெள்ளை ஃபிலிமில் பதிந்த படம் பல பத்தாண்டுகள் கழித்தும் எழும்பி வந்ததுண்டு. அதனால் அப்படியே வாங்கி, பழைய ஃபிலிம் கழுவத் தெரிந்தவரிடம் கொடுப்பதுதான் சரி. கோடாக்கின் வண்ண ஃபிலிமான கோடாக்ரோம் மட்டும் விதிவிலக்கு. அதைக் கழுவிய கடைசி லேப் 2010 டிசம்பரோடு ஃபிலிம் வாங்குவதை நிறுத்திவிட்டது. இப்போது அதிலிருந்து வண்ணம் கிடைக்காது, கருப்பு வெள்ளையாகத்தான் கழுவித் தருவார்கள்.

லென்ஸை முன்னாலிருந்து மட்டும் பார்த்து 'பளிச்சென்று இருக்கிறது' என்று முடிவு செய்யக்கூடாது. உள்ளே ஃபிலிம் இல்லை என்று உறுதியானபின் பின்மூடியைத் திறந்து, அபெர்ச்சரை (ஒளி நுழையும் துவாரத்தை) முழுக்கத் திறந்து, ஷட்டரை B-யில் (பொத்தானை அழுத்தும்வரை திறந்தே இருக்கும் நிலை) வைத்து, பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். கொஞ்சம் தூசி இருந்தால் கவலையே வேண்டாம். சிலந்தி நூல் மாதிரி கிளைவிட்டுப் பரவியிருந்தால் பூஞ்சை. அது கண்ணாடி மேல் இருக்கும் பூச்சையே அரித்துவிடும், துடைத்தாலும் தழும்பு போகாது. ஓரத்தில் வானவில் நிறம் தெரிந்தால் இரண்டு கண்ணாடிகளை ஒட்டிய பசை விலகத் தொடங்கியிருக்கிறது. லென்ஸ் தேநீர் நிறத்தில் மஞ்சளித்திருந்தால் அது வேறு விஷயம். தோரியம் கலந்த கண்ணாடியாக இருக்கலாம், சூப்பர் டகுமார் 50 மி.மீ. f/1.4 லென்ஸின் சில பதிப்புகள் இப்படித்தான். சில நாள் புற ஊதா ஒளி பட்டால் மஞ்சள் பெருமளவு தெளியும். அந்தக் கண்ணாடியைத் தேய்க்கவோ உடைக்கவோ மட்டும் கூடாது.

ஷட்டர் விஷயத்தில் எல்லாக் கேமராவுக்கும் ஒரே விதி என்று நினைப்பது ஆபத்து. சோர்க்கி-4 போன்ற சோவியத் கேமராக்களில் முதலில் வைண்ட் செய்துவிட்டுத்தான் (ஃபிலிமை நகர்த்தி ஷட்டரைத் தயார் செய்துவிட்டுத்தான்) வேகத்தை மாற்ற வேண்டும். மாற்றிச் செய்தால் உள்ளே பழுதாகும். லென்ஸுக்குள் இருக்கும் பல காம்பர் ஷட்டர்களில் நேரெதிர், உச்ச வேகத்தை, ஷட்டரை இழுத்துத் தயார் செய்வதற்கு முன்பே வைத்துவிட வேண்டும். எந்தக் கேமரா என்று தெரியாமல் கடையில் நின்று எல்லாக் குமிழையும் திருகிப் பார்க்காதீர்கள். இறுக்கமாக இருந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். மாடலின் பெயரைப் போட்டுத் தேடினால் பெரும்பாலான கேமராக்களுக்குப் பழைய கையேடு கிடைத்துவிடும்.

காம்பர் போல மெல்லிய உலோக இலைகள் திறந்து மூடும் இலை ஷட்டரில் எண்ணெய் விடுவது மன்னிக்க முடியாத தவறு. அந்த மெல்லிய இலைகள் உலர்ந்த நிலையில் ஓடுவதற்காகச் செய்யப்பட்டவை. துருநீக்கி ஸ்ப்ரே அடித்தால் சில நிமிடம் ஓடும், அப்புறம் இலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். லென்ஸிலும் எண்ணெய்ப் படலம் படியும்.

துருத்தி வைத்த கேமரா என்றால், இருட்டறையில் உள்ளே டார்ச் வைத்து மடிப்பு முனைகளைப் பாருங்கள். ஊசித்துளைகள் நட்சத்திரம் மாதிரி தெரியும். எழுபதுகளின் ஜப்பானிய கேமராக்களில் பின்மூடி ஓரத்து ஸ்பாஞ்ச் பிசினாகியிருக்கும். அதைச் சுலபமாக மாற்றிவிடலாம், பேரம் பேச உதவும் ஒரு குறை, அவ்வளவுதான்.

படம் எடுக்கவும் நினைப்பவர் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது ஃபிலிம் அளவு. 1901-ல் வந்த 120 அளவு ரோல் ஃபிலிம் இன்றும் கிடைக்கிறது. 620 கேமராவுக்கும் அதே ஃபிலிம்தான், சுருள்தண்டு மட்டும் மெல்லியது. இருட்டில் மாற்றிச் சுற்றிக்கொள்ளலாம். 116, 616 அளவுகள் 1984-லேயே நின்றுவிட்டன. அடுத்தது பேட்டரி. அறுபதுகளின் கேமராக்கள் பல 1.35 வோல்ட் பாதரச பேட்டரியை நம்பியவை. அதன் இடத்தில் 1.5 வோல்ட் அல்கலைனைப் போட்டால் பல கேமராக்களில் ஒளிமானி தப்பாகக் காட்டும். காதுகேள் கருவியின் துத்தநாக பேட்டரி ஓரளவு கைகொடுக்கும்.

பித்தளையைப் பளபளவென்று தேய்ப்பது, கருப்புப் பெயிண்டை மறுபடி அடிப்பது, தோலுக்கு பாலிஷ் போடுவது எதுவும் வேண்டாம். பழைய பித்தளை லென்ஸின் மேல் இருக்கும் அரக்குப் பூச்சு ஒருமுறை போனால் போனதுதான். மெல்லிய தூரிகையும் உலர்ந்த துணியும் போதும். அசல் தோலுறையைத் தனியே வையுங்கள். கேமராவை அதற்குள் பூட்டி வைத்தால் ஈரம் தங்கிப் பூஞ்சை வரும். துணி ஷட்டர் கொண்ட ரேஞ்ச்ஃபைண்டரை மூடி போடாமல் ஜன்னலோரம் வைத்தால், லென்ஸ் வழியே குவியும் வெயில் திரையில் ஓட்டை போட்டுவிடும்.

கேமராக்களோடு அதே அலமாரியில் பழைய படங்களும் கிடைக்கும். இங்கே செய்யும் தவறுக்குப் பரிகாரமே கிடையாது. 1839-ல் அறிமுகமான டகேரோடைப், வெள்ளிப்பூச்சிட்ட செப்புத்தகட்டில் பதிந்த படம். கண்ணாடி போல முகம் தெரியும், சாய்த்தால் படம் நெகட்டிவ் போல மாறித் தெரியும். அதன் மேல் விரலோ பஞ்சோ பட்டாலே படம் அழிந்துவிடும். எனவே சட்டகத்தைத் திறக்கவே கூடாது. கருமை படர்ந்திருந்தாலும் அப்படியே இருக்கட்டும். விற்பவர்கள் சட்டகத்தில் இருக்கும் எல்லாவற்றையும் டகேரோடைப் என்பார்கள். காந்தம் இழுத்தால் அது இரும்புத்தகட்டு டின்டைப். கண்ணாடி போல முகம் காட்டாமல், கண்ணாடித் தகட்டில் கருப்புப் பின்னணியோடு இருந்தால் ஆம்ப்ரோடைப்.

பழைய நெகட்டிவ் கட்டு வாங்கும்போது முகர்ந்து பாருங்கள். வினிகர் வாடை அடித்தால் அசிடேட் ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது, மற்றவற்றோடு சேர்க்காமல் தனியே வைக்க வேண்டும். 1950-களின் தொடக்கத்துக்கு முந்தையதாகவும், பிசுபிசுத்து, பழுப்புத் தூளாகவும் ஆகியிருந்தால் நைட்ரேட்டாக இருக்கலாம். அது எளிதில் தீப்பிடிக்கும், பிடித்தால் அணைப்பதும் கடினம். கோடாக் 1951-ல் அதன் தயாரிப்பை நிறுத்தியதற்குக் காரணமே இதுதான். வீட்டில் வைக்காமல், ஆவணக் காப்பகத்தையோ தீயணைப்புத் துறையையோ கேளுங்கள். மூடிய பழைய ரசாயனப் புட்டிகளையும் திறக்க வேண்டாம். அந்தக் காலத்துப் படக்காரர்கள் பொட்டாசியம் சயனைடைக்கூடப் பயன்படுத்தியவர்கள்.

கடைசியாக, ஆல்பத்தைப் பிரித்து நல்ல படங்களை மட்டும் வாங்குவது. படத்தின் பின்னால் இருக்கும் பென்சில் எழுத்து, ஸ்டுடியோ முத்திரை, பக்கங்களின் வரிசை எல்லாம் சேர்ந்துதான் அந்தக் குடும்பம் யார், எங்கே, எப்போது என்று சொல்கின்றன. கேமராவும் அப்படித்தான். இது எந்த வீட்டிலிருந்து வந்தது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். சொன்னதை அமிலமில்லாத காகிதத்தில் பென்சிலால் எழுதி, வாங்கிய தேதியோடும் சீரியல் எண்ணோடும் கேமரா பெட்டியிலேயே வையுங்கள்.