சூப்பர்நோவா சார்ட்டில் திரும்பத் திரும்ப வரும் பிழைகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் அறிவியல் கண்காட்சிக்குச் சூப்பர்நோவா (விண்மீன் வெடித்துச் சிதறுவது) சார்ட் தயாரிக்கும் பிள்ளைகளுக்கும், அவர்களுக்கு உதவும் ஆசிரியர்களுக்கும் இது.

"என்றோ வெடித்த விண்மீனின் எதிரொலி இன்றும் ரேடியோவில் வருகிறது" என்று எழுதாதீர்கள். எல்லாக் குழப்பமும் இங்கிருந்துதான் கிளம்புகிறது. வெடிப்பின்போது புறப்பட்ட அலை எப்போதோ நம்மைக் கடந்து போய்விட்டது. இப்போது வருவது புதிதாக உண்டாவது. சிதறிய பொருள் நொடிக்குச் சில ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் சுற்றியுள்ள வாயுவில் மோதுகிறது. அந்த அதிர்ச்சி அலையில் எலக்ட்ரான்கள் ஏறத்தாழ ஒளியின் வேகத்தை எட்டுகின்றன. காந்தப்புலத்தில் சுருண்டு சுருண்டு ஓடும்போது அவை உமிழ்வதுதான் சிங்க்ரோட்ரான் கதிர்வீச்சு. ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்த வேலா விண்மீனின் எச்சம் (வெடித்த பின் மிஞ்சிச் சிதறிப் பரவும் பொருள்) இன்னும் ரேடியோவில் பளிச்சிடுவது இதனால்தான். மாசி இரவில் நம் தெற்கு வானில் அது இருக்கும் திசையைக் காட்டலாம். கண்ணுக்குத் தெரியும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

"சூடான வாயு என்பதால் ரேடியோ வருகிறது" என்பதும் தவறு. அந்தச் சூட்டிலிருந்து வருவது எக்ஸ் கதிர். அதிர்வெண் ஏற ஏற எச்சத்தின் ரேடியோ வலிமை குறைந்துகொண்டே போகும். விண்மீன் பிறக்கும் சூடான வாயு மேகத்தில் அந்த அளவுக்குக் குறையாது. எது எச்சம், எது மேகம் என்று பிரித்தறிய வானியலாளர்களுக்கு இது நல்ல தடயம்.

எல்லா எச்சத்துக்கும் நடுவில் பல்சர் வரைந்துவிடுகிறார்கள். வெடிப்பில் மிஞ்சும் மிக அடர்ந்த கருதான் நியூட்ரான் விண்மீன்; அது சுழலச் சுழலத் துடிப்புத் துடிப்பாகக் கதிர் வந்தால் பல்சர். நண்டு நெபுலாவில் இருக்கிறது, நொடிக்கு 30 முறை சுழல்கிறது. காசியோப்பியா ஏ என்ற எச்சத்தின் நடுவில் ஒரு நியூட்ரான் விண்மீன் உண்டு. ஆனால் அதிலிருந்து ரேடியோ துடிப்பு எதுவும் கிடைக்கவில்லை.

யூடியூபில் கேட்கும் 'விண்மீன் ஓசை' தரவை மனிதர்கள் ஒலியாக மாற்றியது. மேசையில் ஓடவிடுங்கள், தவறில்லை. மாற்றியது என்பதையும் எழுதி வையுங்கள்.

அப்புறம், காவலூர் வானியல் ஆய்வகம். ஜவ்வாது மலை நமக்குப் பக்கம் என்பதால் அங்கே ரேடியோ பிடிக்கிறார்கள் என்று எழுதிவிடுகிறார்கள். அது ஒளியியல் தொலைநோக்கி. பெரியதன் ஆடி 2.34 மீட்டர். ரேடியோவுக்கு ஊட்டி: 1970 முதல் இயங்கும் 530 மீட்டர் நீளத் தொலைநோக்கி. ஓசூர்க்காரர்களுக்கு கர்நாடகத்தின் கவுரிபிதனூர் ரேடியோ ஆய்வகம் இன்னும் கிட்டம்.

வீட்டு டிடிஎச் டிஷ்ஷை வைத்து எச்சத்தைப் பிடிப்போம் என்றும் கிளம்பாதீர்கள். அது வேலை செய்யும் 11, 12 கிகாஹெர்ட்ஸில் எச்சத்தின் குரல் மெலிந்துபோயிருக்கும், டிஷ்ஷும் சின்னது. சூரியன் கிடைக்கும், கண்காட்சிக்கு அதுவே தாராளம்.