கவுட்: வலியைத் தணிப்பது ஒரு வேலை, படிகத்தைக் கரைப்பது இன்னொரு வேலை

ராத்திரி நன்றாகப் படுத்தவர் விடியற்காலையில் கால் கட்டைவிரலின் அடிமூட்டு சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே அலறும் வலியோடு எழுந்தால் அது பெரும்பாலும் கவுட்தான். ரத்தத்தில் யூரிக் ஆசிட் என்ற கழிவுப்பொருள் டெசிலிட்டருக்கு 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் கரையாமல் மூட்டுக்குள் ஊசி ஊசியாகப் படியத் தொடங்கும். வருஷக்கணக்கில் சும்மா கிடக்கும் அந்தப் படிகங்களை ஒரு நாள் வெள்ளை அணுக்கள் தாக்கும்போதுதான் வலி வெடிக்கிறது.

வலி வந்த முதல் நாள், வீங்கிய காலைத் தூக்கி உயரத்தில் வையுங்கள். துணியில் சுற்றிய ஐஸை 20 நிமிடம் வீதம் சில தடவை வைக்கலாம். தைலம் தேய்த்து நீவ வேண்டாம். மருந்தை 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நன்றாகக் கேட்கும். கோல்ச்சிசின், நாப்ராக்சன் மாதிரி வலி மாத்திரை, சில நாளைக்கு ப்ரெட்னிசோலோன் (ஸ்டீராய்டு) இவற்றில் ஒன்றை டாக்டர் தேர்ந்தெடுப்பார். கோல்ச்சிசின் 0.5 மி.கி. மாத்திரையை வழக்கமாக முதலில் இரண்டு, ஒரு மணி நேரம் கழித்து ஒன்று எனத் தருவார்கள். அன்றைக்கு அத்தோடு சரி. பேதியாகும் வரை விழுங்கும் பழைய முறை ஆபத்தானது. கிளாரித்ரோமைசின் சாப்பிடுபவர்களுக்கும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் கோல்ச்சிசின் விஷமாகலாம். கிரியாட்டினின் (சிறுநீரகம் பழுதானால் ரத்தத்தில் கூடும் கழிவு) ஏறியிருந்தால் மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக்கும் கூடாது.

குளிர் காய்ச்சலோடு மூட்டு வீங்கினால் காத்திருக்காதீர்கள். சீழ் பிடித்த மூட்டும் இப்படித்தான் இருக்கும். இரண்டும் சேர்ந்தும் வரும். அன்றே ஊசியால் நீர் எடுத்துப் பார்க்க வேண்டும்.

வலி இருக்கும்போது எடுத்த ரத்தப் பரிசோதனையில் யூரிக் ஆசிட் நார்மல் என்று வரலாம். வலி அடங்கி இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். மாஸ்டர் செக்கப்பில் 7.4 என்று வந்து, வேறு தொந்தரவு எதுவும் இல்லையென்றால் அது கவுட் அல்ல. பொதுவாக மாத்திரையும் தேவையில்லை. தேய்மானத்தால் வலிக்கும் முழங்காலுக்கு இந்த எண்ணைக் காட்டி மருந்து தொடங்குவது அடிக்கடி நடக்கும் தவறு.

வருஷத்துக்கு இரண்டு தடவையோ அதற்கு மேலோ வலி வந்தாலோ, காது மடலிலும் விரல் மூட்டிலும் வெள்ளைக் கட்டிகள் தெரிந்தாலோ படிகத்தைக் கரைத்தாக வேண்டும். யூரிக் ஆசிடைக் குறைக்கும் அலோப்யூரினால் மாத்திரையை 100 மி.கி.யில் தொடங்கி (சிறுநீரகப் பாதிப்பு இருந்தால் 50), சில வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்த்து ஏற்றிக்கொண்டே போக வேண்டும். யூரிக் ஆசிடுக்கு இலக்கு 6-க்குக் கீழே, கட்டி இருந்தால் 5-க்குக் கீழே. பலருக்கு 300 மி.கி. அல்லது அதற்கு மேலும் தேவைப்படும். 100-லேயே வருஷக்கணக்கில் நிறுத்தி வைப்பதால்தான் மருந்துக்குக் கெட்ட பெயர். படிகம் கரையும் முதல் சில மாதங்களில் வலி அடிக்கடி வரும். ‘மாத்திரையாலதான் வந்துச்சு’ என்று நிறுத்திவிடுவார்கள். அதைத் தடுக்கவே முதல் 3–6 மாதம் குறைந்த அளவு கோல்ச்சிசினும் சேர்த்துத் தருகிறார்கள். வலி வந்தாலும் அலோப்யூரினாலை நிறுத்தக் கூடாது. உடம்பில் தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள். அசதயோப்ரின் (எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து) சாப்பிடுபவர் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பத்தியம் பற்றிப் பேசும் அளவுக்கு அதனால் பலன் இல்லை. கடுமையாக இருந்தாலும் யூரிக் ஆசிட் சுமார் 1 மில்லிகிராம்தான் குறையும். பீர், ஈரல், நெத்திலி, மத்தி, கூல் டிரிங்க்ஸ் இவற்றைக் குறைத்தால் போதும். பருப்பையும் கீரையையும் ஒதுக்க வேண்டாம். ரத்த அழுத்தத்துக்காக ஹைட்ரோகுளோரோதயசைட் சாப்பிட்டால் அது யூரிக் ஆசிடை ஏற்றும், அதே அழுத்தத்துக்கான லோசார்ட்டான் குறைக்கும். மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.

அறுபது வயதுக்கு மேல் திடீரென முழங்காலோ மணிக்கட்டோ வீங்கினால் அது கவுட்டாக இல்லாமல் கால்சியம் பைரோபாஸ்பேட் என்ற வேறு படிகமாக இருக்கலாம். எக்ஸ்ரேயில் குருத்தெலும்புக்குள் மெல்லிய வெள்ளைக் கோடு தெரியும். மூட்டு நீரை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் கவுட் படிகம் ஊசியாகவும் இது சாய்சதுரமாகவும் இருக்கும். வலிக்கு அதே மருந்துகள்தான், ஆனால் இந்தப் படிகத்தைக் கரைக்க இன்னும் மருந்து இல்லை, அலோப்யூரினாலால் பயனில்லை. அறுபதுக்குள்ளேயே வந்தால் கால்சியம், மெக்னீசியம், இரும்பு, பாராதைராய்டு ஹார்மோன் நான்கையும் சோதிக்கச் சொல்லுங்கள்.